சீருடைப் போர்வையில் தையல் வடிவம் கடைசி வேலை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணுவத்தில் பணியாற்றியவர்களின் பழைய சீருடைகளைக் கொண்டு குடும்பத்தினர் நினைவுப் போர்வை தைத்துக்கொள்வதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சட்டையைத் தையல் பிரிப்பது, துவைப்பது, சதுரங்களாக இணைப்பது என ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்கிய அக்கட்டுரை, மேல்துணி, நடுவிலுள்ள பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளையும் சேர்த்துப் பிடிக்கும் குயில்டிங் தையலை மட்டும் 'இறுதியாக விருப்பமான டிசைனில் தைத்துக்கொள்ளலாம்' என்ற ஒரே வரியில் முடித்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தையல் கற்பித்தவள் நான். இதே வேலையை ஒருமுறை தவறாகவும் ஒருமுறை ஓரளவு சரியாகவும் செய்து பார்த்தவளும்கூட. அந்த 'இறுதியாக' என்ற சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. எந்தக் கோட்டில் ஊசி ஓடப்போகிறது என்பதை முடிவு செய்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்.

என் அண்ணன் 1974இல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி முடித்து, 1998இல் நாயிப் சுபேதாராக ஓய்வு பெற்றார். அவர் மறைந்து ஓராண்டு கழித்து, வெள்ளை எழுத்தில் பெயரும் எண்ணும் எழுதிய அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியை அண்ணி ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு என் வீட்டிற்கே அனுப்பிவைத்தார். ஆலிவ் பச்சைச் சட்டைகள் ஐந்து, அதே நிறக் கால்சட்டைகள் நான்கு, குளிர்காலத்திற்கான அங்கோலா சட்டை ஒன்று, கம்பளி ஜெர்சி ஒன்று. இவற்றோடு, ஹவில்தாராகப் பணியில் இருக்கும் அண்ணன் மகன், ராணுவம் புதிய அச்சுக்கு மாறிய பிறகு தனக்குத் தேவைப்படாமல் போன காட்டுப் புள்ளி அச்சுக் காம்பேட் உடை இரண்டையும் கொடுத்திருந்தார். அண்ணியின் வேண்டுகோள் மிக எளியது: மார்கழி, தைக் குளிருக்குப் போர்த்திக்கொள்ளவும், மற்ற மாதங்களில் மடித்துக் கட்டில் காலடியில் வைக்கவும் ஒரு போர்வை வேண்டும், கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்கு வேண்டாம்.

முதலில் இரண்டு சட்டைகளை மட்டும் வைத்து ஒரு சிறு போர்வை செய்து பார்த்தேன். துண்டுகளை நானே இணைத்தேன். குயில்டிங்கை மட்டும் மெத்தை உறைகளுக்குக் கணினி இயந்திரத்தில் தைத்துத் தரும் ஒரு கூடத்தில் கொடுத்து, 'நல்ல டிசைனாகப் போடுங்கள்' என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்களும் நல்ல டிசைனாகத்தான் போட்டார்கள். அரை அங்குலத்துக்கு ஒரு கோடாக இறகும் கொடியும் பூவும் பின்னிப் பிணைந்து துணி முழுவதும் ஓடின. பெயர்ப் பட்டையின் நடுவே ஒரு பூக்காம்பு சென்றது. இரண்டு மார்புப் பைகளின் வாயும் மூடித் தைக்கப்பட்டிருந்தன. போர்வை தோளில் படியவே இல்லை. அட்டையைப் போலத் தனியாக நின்றது. தையலைப் பிரித்துவிடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று புரிந்தது: நெருக்கமாக நெய்த டெரிகாட் துணியில் ஊசி போன துளை, நூலை எடுத்த பிறகும் அப்படியே தெரிகிறது. புதுத் துணி என்றால் வேறு வாங்கிக்கொள்ளலாம்; அண்ணனின் சட்டைக்கு மாற்று எங்கே வாங்குவது? அந்தக் கூடத்தாரின் மேல் எனக்கு வருத்தமில்லை. எதைத் தைக்கக் கூடாது என்று நான் சொல்லியனுப்பவில்லை.

ஆகவே, வடிவத்தை ஏன் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது நம் ரசனை அல்ல, நடுவில் வைக்கும் பஞ்சு. வில்லால் அடித்துப் பரப்பிய தளர்ந்த பஞ்சு என்றால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடாவது ஓட வேண்டும். இல்லாவிட்டால் நான்கு முறை துவைப்பதற்குள் பஞ்சு மூலைகளில் திரண்டுவிடும். ஊசியால் குத்தி இறுக்கிய தகடாக வரும் பஞ்சில் எட்டு அங்குலம்வரைகூட இடைவெளி விடலாம் என்று உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். நம் வீட்டுத் தலையணைகளில் இருக்கும் இலவம்பஞ்சு இதற்கு ஆகவே ஆகாது. அதன் இழை வழுவழுப்பானது. ஒன்றோடொன்று பற்றாமல் நழுவிக்கொண்டே இருக்கும். அதனால்தான் மெத்தை தைப்பவர்கள் நெருக்கமான உறைக்குள் அதை அடைத்து, முடிச்சுப் போட்டு இறுக்குகிறார்கள். சீருடைத் துணியே கனமானது என்பதால் மெல்லிய தகடு போதும் என்று நான் முடிவு செய்தேன். ஏற்காட்டில் மூடுபனி வாரக்கணக்கில் நிற்கும் நாட்களும் உண்டு. தடித்த பருத்திப் பஞ்சு வைத்தால் ஒருமுறை துவைத்த போர்வை காய்வதற்குள் பூஞ்சை வாடை வந்துவிடும். பஞ்சு மெல்லியது, இடைவெளி அகலமாக இருக்கலாம் என்று தெளிவான பிறகு, அடர்ந்த இறகு வடிவங்களுக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்தது துணியின் அச்சு. காட்டுப் புள்ளி அச்சு என்பதே உருவத்தின் ஓரத்தைக் கண்ணிலிருந்து மறைப்பதற்காக உருவாக்கப்பட்டது. அது மனிதரை மறைப்பதைப் போலவே தையலையும் மறைத்துவிடும். அதன் மேல் எவ்வளவு நுட்பமான கொடியை ஓட்டினாலும் கையால் தடவிப் பார்த்தால்தான் தெரியும். எனவே அந்தத் துண்டுகளில் தன்னைத்தானே வெட்டாமல் நெளிந்து நெளிந்து செல்லும் எளிய நெளிவுக்கோட்டை, அச்சின் நடுத்தரப் பச்சையில் நூல் போட்டு, இரண்டரை அங்குல இடைவெளியில் ஓட்டினேன். போர்வையில் அந்தப் பகுதிதான் இன்று மிக மென்மையாக இருக்கிறது. ஆலிவ் பச்சை இதற்கு நேர்மாறானது. ஒரே நிறமான துணியில் ஒவ்வொரு தையலும் தெரியும்; கோணலும் தெரியும். நேர்கோடுதான் அதற்கு அழகு என்று எனக்குத் தோன்றியது. ஆனால் சட்டைப் பையின் மூடியும் தோள்பட்டை மடிப்பும் நான்கைந்து அடுக்கு தடிமன் கொண்டவை. நேர்கோடு அவற்றில் ஏறும்போது இயந்திரத்தின் பாதம் பக்கவாட்டில் தள்ளப்பட்டுக் கோடு வளைந்துவிடும். இதற்குத் தீர்வு தையலில் இல்லை, வெட்டுவதில் இருக்கிறது. எந்தத் துண்டில் நேர்கோடு வரப்போகிறதோ அந்தத் துண்டைச் சட்டையின் முதுகிலிருந்தும் கால்சட்டையின் தொடைப் பகுதியிலிருந்தும் எடுக்க வேண்டும். பையும் பட்டியும் உள்ள துண்டுகளுக்கு அவற்றைச் சுற்றிக் கால் அங்குலம் தள்ளி ஓடும் வெளிக்கோடு மட்டும் போதும். சதுரங்களை வெட்டி முடித்தபின் இந்த யோசனை வந்தால் பயனில்லை.

பையைப் பற்றிப் பேசும்போது ஒன்று. பையின் வாயைத் தைத்து மூடாதீர்கள். அண்ணனின் இடது மார்புப் பையைச் சுற்றித்தான் தைத்தேன். உள்ளே கை நுழையும். அண்ணி அதில் மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொள்கிறார்.

பெயர்ப் பட்டையின் மேலும், சட்டைக் கையில் உள்ள பதவிக் கோடுகளின் மேலும் ஊசி போகவே கூடாது என்பதை அண்ணன் மகன் வலியுறுத்தினார். அங்கே ஒரு சிறு விவாதமே நடந்தது. ஹவில்தாரின் கையில் கீழ்நோக்கிய மூன்று வி வடிவக் கோடுகள் இருக்கும். நாயக்குக்கு இரண்டு, லான்ஸ் நாயக்குக்கு ஒன்று. அந்த வி வடிவத்தையே போர்வை முழுவதும் ஓட்டினால் பொருத்தமாக இருக்குமே என்று நான் சொன்னேன். 'மூன்று கோடு ஒரு பதவி அத்தை. பதினாறு கோடு எதுவும் இல்லை' என்று அவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எண்ணிக்கையில் பொருள் உள்ள ஒரு குறியை அலங்காரமாகப் பெருக்கினால் அதன் பொருள் போய்விடும். ஆகவே அந்தக் கைத்துண்டு மூன்று கோடுகளோடு அப்படியே இருக்கிறது. சுற்றிலும் ஒரு வெளிக்கோடு மட்டும். நாயிப் சுபேதாரின் ஒற்றை நட்சத்திரமும் சிவப்பு-மஞ்சள்-சிவப்பு நாடாவும் தைக்கும் பொருள்களே அல்ல. அவை பதக்கங்களோடு பெட்டியிலேயே இருக்கின்றன.

வடிவத்திற்கு அண்ணன் மகன் சொன்ன யோசனை வேறு: வரைபடத்தில் மலையைக் காட்டும் சம உயரக் கோடுகள். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்களில் பொதுவாக இருபது மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு வரும். வரைபடம் படிப்பது படைவீரரின் அன்றாடப் பயிற்சி. சேர்வராயன் மலையோ கண்ணெதிரே இருக்கிறது. யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தைக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. சம உயரக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி வளையம். ஒவ்வொரு வளையத்திற்கும் நூலைத் தொடங்கி, முடித்து, முனையைப் பஞ்சுக்குள் இழுத்து மறைக்க வேண்டும். ஒரு குன்றுக்கு ஒன்பது வளையம் என்றால் பதினெட்டு நூல் முனைகள்! வளையங்களை இணைத்து ஒரே சுருள்கோடாக மாற்றினால் நூலை வெட்ட வேண்டியதில்லை என்று ஒரு துண்டில் தைத்துப் பார்த்தேன். அண்ணி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, மலையைப் போல இல்லை, ஆட்டையாம்பட்டி கைமுறுக்கைப் போல இருக்கிறது என்றார். அத்துடன் அந்த யோசனையை விட்டோம்.

ஒரே நூலில் நிற்காமல் ஓட வேண்டும், இடைவெளி ஓரளவு சீராக இருக்க வேண்டும், கண்ணுக்கும் பழகியதாக இருக்க வேண்டும் என்றால், நம் வாசலில் இருப்பதைவிட்டு வேறெங்கே தேடுவது? சிக்குக் கோலம் போடும் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத் தையலுக்காகச் சற்றுக் கணக்கோடு சொல்கிறேன். செவ்வகமாகப் புள்ளி வைத்து, எல்லாப் புள்ளிகளையும் சுற்றிச் சாய்வாக ஓடி, ஓரத்தில் மட்டும் திரும்பும் எளிய சிக்குக் கோலத்தில் எத்தனை தனிக் கம்பிகள், அதாவது தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் தனித்தனிக் கோடுகள், வரும் என்பதைப் போடுவதற்கு முன்பே சொல்லிவிடலாம்: வரிசையின் புள்ளி எண்ணிக்கை, வரிசைகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டின் மீப்பெரு பொதுக் காரணி எவ்வளவோ அத்தனை கம்பிகள். நான்குக்கு நான்கு வைத்தால் நான்கு தனிக் கம்பிகள். ஆறுக்கு நான்கு வைத்தால் இரண்டு. ஐந்துக்கு நான்கு வைத்தால் ஒன்றே ஒன்று. கோலமாவுக்கு இது பெரிய வேறுபாடு இல்லை. தையல்காரருக்கு ஒரு கம்பி என்பது ஒரு தொடக்கம், ஒரு முடிவு. ஓரப் பட்டைக்கு ஒன்பதுக்கு இரண்டு என்று புள்ளி வைத்து ஒரே கம்பியாக ஓட்டினேன். பாபின் நூல் தீரும் இடத்தைத் தவிர வேறெங்கும் நிறுத்தவில்லை.

கோலத்திற்கு அண்ணி உடனே சம்மதிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். துக்கம் நிகழ்ந்த வீட்டு வாசலில் கோலம் போடுவதில்லை. அப்படியிருக்க, போனவர் உடுத்திய துணியில் கோலம் இழைப்பது சரிதானா என்று அவர் கேட்டார். எங்கள் உறவில் ஒரு பெரியம்மா, இறந்தவரின் துணியை வீட்டில் வைத்துக்கொள்வதே கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். நான் வாதம் செய்யவில்லை. கோலமிட்ட தாளையும், நேர்கோடு மட்டும் போட்ட தாளையும் அண்ணியிடம் கொடுத்துவிட்டு மலையிறங்கி வந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்து, ஓராண்டு முடிந்து வாசலில் கோலம் போடத் தொடங்கிவிட்டேனே, துணியில் போட்டால் என்ன என்றார். ஆனால் சட்டைத் துண்டுகளில் வேண்டாம், சுற்றியுள்ள பச்சைப் பட்டையில் மட்டும் போதும் என்றும் சொன்னார். தையல் புத்தகங்கள் எதிலும் இல்லாத இந்த எல்லைக்கோடுதான் போர்வைக்கே அமைதியைக் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

தங்கள் கட்டுரையோடு வெளியான வெளிநாட்டுப் போர்வைகளின் படங்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் படைவீரர்களுக்குப் போர்வை தைத்து வழங்கும் இயக்கம் 2003இல் தொடங்கியது. அங்கே கொடியின் நட்சத்திரங்களையும் பட்டைகளையும் போர்வையில் அமைப்பது மரியாதையின் அடையாளம். அதைப் பார்த்து மூவர்ணத்தையோ அசோகச் சக்கரத்தையோ தைக்கத் தொடங்குபவர்கள் நம் சட்டத்தை ஒருமுறை படிக்க வேண்டும். தேசிய கௌரவத்திற்கு இழைக்கப்படும் அவமதிப்புகளைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டம், தேசியக் கொடியை மெத்தைத் திண்டு, கைக்குட்டை, உடைத்துணி போன்றவற்றில் பூத்தையலாகவோ அச்சாகவோ இடுவதை அவமதிப்பாகவே கருதுகிறது. காலடியில் மடித்து வைக்கப்படும் ஒரு போர்வைக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் வேண்டியதில்லை. நான்கு சிங்க முத்திரைக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. எனவே முத்திரையுள்ள பொத்தான்களையும் தோள் சின்னங்களையும் வெட்டுவதற்கு முன்பே கழற்றி எடுத்துவிடுவது நல்லது.

துணி போதவில்லை என்று கடைத்தெருவில் கிடைக்கும் ராணுவ அச்சுத் துணியை வாங்கி ஓரத்துக்கு வைப்பதையும் நான் தவிர்க்கச் சொல்வேன். 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று அறிமுகமான புதிய அச்சின் வடிவமைப்பு உரிமையை ராணுவம் அதே ஆண்டில் பதிவு செய்துகொண்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அண்ணன் உடுத்தாத அச்சை அவர் பெயரிலான போர்வையில் எதற்கு வைக்க வேண்டும்? சாதாரணப் பச்சைப் பருத்தித் துணியே ஓரத்திற்கும், சலவை செய்த காடாத் துணியே அடிக்கும் போதும்.

சீருடைத் துணியில் போர்வை என்பது புதிய பழக்கமும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படைவீரர்களே சீருடைக் கம்பளித் துண்டுகளைச் சேர்த்து இத்தகைய விரிப்புகளைத் தைத்தார்கள். இந்தியாவில் பணியாற்றியவர்களும் அவர்களில் உண்டு. கிரிமியப் போரில் காயமுற்ற தாமஸ் வாக்கர் என்ற வீரர் மருத்துவமனைக் கட்டிலில் அமர்ந்து அப்படியொரு விரிப்பைத் தைப்பதை தாமஸ் வுட் 1856இல் ஓவியமாகத் தீட்டியிருக்கிறார். அந்தக் கம்பளி, வெட்டினாலும் நூல் பிரியாத அளவுக்கு இறுக்கிப் பதப்படுத்தியது. ஆகவே சின்னஞ்சிறு துண்டுகளை ஓரம் மடிக்காமல் இணைக்க முடிந்தது. பெரும்பாலும் பஞ்சும் வைக்கவில்லை, குயில்டிங்கும் இல்லை. நம் கையிலிருக்கும் டெரிகாட்டும் காம்பேட் துணியும் அப்படி நடந்துகொள்ளாது. அந்த நுணுக்கமான வடிவங்களைப் படத்தில் பார்த்துவிட்டு நாமும் செய்யலாம் என்று இறங்குபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அங்கோலா சட்டையும் ஜெர்சியும் கம்பளி கலந்தவை, துவைத்தால் சுருங்குபவை. பருத்தியோடு சேர்த்துக் குயில்டிங் செய்தால் முதல் சலவையிலேயே போர்வை அலையாக எழும்பும். அவற்றை நான் சேர்க்கவில்லை. ஜெர்சியை அண்ணி அப்படியே அணிந்துகொள்கிறார்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 16ஆம் எண் ஊசி, தடித்த இடங்களில் 18. தையல் நீளம் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல். மேலடுக்கையும் சேர்த்து நகர்த்தும் பாதம் கிடைத்தால் கட்டாயம் வாங்குங்கள். பல ஆண்டுக் கஞ்சியைச் சீருடையிலிருந்து முழுமையாக அலசி எடுங்கள். கஞ்சி தங்கிய துணியை இராமபாணப் பூச்சி விடாது. சட்டைக் கையிலிருந்து வெட்டிய சாய்வுத் துண்டுகள் இழுபடும் என்பதால் பின்புறம் மெல்லிய ஒட்டுக் கேன்வாஸ் வைத்துத் தேய்த்துக்கொள்ளுங்கள். டெரிகாட்டில் இஸ்திரியின் சூட்டைக் குறைக்க மறக்க வேண்டாம்.

என் முறையைக் கேட்டால், செய்தித்தாளை ஒட்டிப் போர்வையின் முழு அளவுக்குத் தாள் தயாரித்து, எந்தப் பை எங்கே, எந்தப் பெயர்ப் பட்டை எங்கே என்று முதலில் குறித்து, ஊசி போகக் கூடாத இடங்களைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, அதன் பிறகே மற்ற இடங்களில் கோடுகளை வரைந்தேன். விரலால் அந்தக் கோட்டின் மேல் ஓட்டிப் பார்த்தால் எங்கே நூல் நிற்கும், எங்கே பாதம் தடுக்கும் என்பது இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஒரு மாலை நேர வேலைதான். முதல் முறை அந்த மாலையை நான் ஒதுக்கவில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதியில் வாசகர்களுக்காக வெட்டும் அளவுகளை வெளியிடப்போவதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அது வெளியாவதற்கு முன் இக்கடிதத்தை வெளியிட முடிந்தால், சீருடைகளைப் பெட்டியிலிருந்து ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பவர்கள் சிலராவது கத்தரிக்கோலுக்கு முன் பென்சிலை எடுப்பார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.